இரத்தத்தில் தெரியாத அழற்சி: இரண்டு குடும்பங்களின் காது கேளாமை, ஒரே மரபணு மாற்றம்

2017-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில் இரண்டு குடும்பங்களைப் பற்றிய ஓர் ஆய்வு வெளிவந்தது. குடும்பத்தினரின் பெயர்கள் அதில் இல்லை. எல்எம்ஜி446, எல்எம்ஜி113 என்ற குறியீடுகள் மட்டும்தான். இரண்டு குடும்பங்களுக்கும் இரத்த உறவு எதுவும் கிடையாது. ஆனால் இரண்டிலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் காது கேளாமை வந்துகொண்டிருந்தது. தேடிப் பார்த்தபோது இரண்டிலும் ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே எழுத்து மாறியிருந்தது. எல்எம்ஜி446 குடும்பத்தில் ஊசி மருந்து எடுத்துக்கொண்டவர்களுக்குக் குறைந்திருந்த கேட்கும் திறன் மீண்டது, அல்லது முன்பைவிடத் தேறியது.

இதைக் காது மருத்துவம் தெரிந்தவர்கள் உடனே நம்ப மாட்டார்கள். உள்காதில் ஏற்படும் காது கேளாமை, அதிலும் பரம்பரையாக வருவது, மருந்தில் திரும்புமா? வழக்கமான பதில் "திரும்பாது" என்பதுதான். நம் ஊரில் இதை "நரம்பு வீக் ஆயிடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்புறம் காது மெஷின், முற்றிப்போனால் காக்ளியர் இம்பிளான்ட். அந்த ஒரு வரிக்குள் எத்தனையோ வெவ்வேறு நோய்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் சில அழற்சியால் வருபவை, அதனால் மருந்துக்கு இடம் கொடுப்பவை. இந்த இரண்டு குடும்பங்களின் நிகழ்வை விரிவாக எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

நிகழ்வு

ஆய்வை நடத்தியது மேரிலாந்து மாநிலம் பெதெஸ்டாவில் உள்ள அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஒரு பிரிவு. காது கேளாமையையும் பேச்சு, தொடர்புக் கோளாறுகளையும் ஆராய்வதற்கென்றே இருக்கும் பிரிவு அது. கட்டுரையின் முதல் ஆசிரியர் ஹிரோஷி நகனிஷி. ஆண்ட்ரூ கிரிஃபித்தின் ஆய்வகத்திலிருந்து வந்த வேலை.

இரண்டு குடும்பங்களிலும் பாதிக்கப்பட்டவர்கள் பிறவியிலேயே காது கேளாதவர்கள் அல்ல. பேச்சு வந்து வளர்ந்த பிறகு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறையத் தொடங்கி, வருடங்கள் போகப் போகக் கூடியது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நம்மிடையே பரம்பரைக் காது கேளாமை என்றதும் சொந்தத்தில் கல்யாணம் செய்ததுதான் நினைவுக்கு வரும். அது இரண்டு பக்கமும் குறையுள்ள மரபணு சேரும்போது வருவது. இந்தக் குடும்பங்களில் கதை வேறு. மாறிய மரபணுவின் ஒரு பிரதி போதும், நோய் வந்துவிடும்.

இரண்டு குடும்பங்களுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. எல்எம்ஜி446-இல் காதோடு வேறு தொந்தரவுகளும் இருந்தன. உடம்பில் அவ்வப்போது அழற்சி கிளம்பி அடங்குவதன் அறிகுறிகள் அவை. எல்எம்ஜி113-இல் காது மட்டும்தான். வேறு எந்த உறுப்பிலும் அந்த நோயின் தடயம் இல்லை.

எல்எம்ஜி446-இல் இன்னொரு புதிரும் இருந்தது. அறிகுறிகள் இருந்தும் இரத்தப் பரிசோதனையில் அழற்சிக்கான சான்று கிடைக்கவில்லை. வழக்கமாக இப்படிப்பட்ட நோயில், அழற்சியின்போது இரத்தத்தில் கூடும் சிஆர்பி என்ற புரதம் போன்றவற்றின் அளவுகள் ஏறி நிற்கும். அவை ஏறவில்லை என்றால் பெரும்பாலான மருத்துவர்கள் அழற்சி என்ற யோசனையையே கைவிட்டுவிடுவார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது, பயிற்சியே அப்படித்தான். இந்தக் குடும்பத்தில் அந்தப் பயிற்சி காட்டிய வழி தப்பாகப் போனது.

மரபணுவைக் கண்டுபிடித்த வழி

பெரிய குடும்பங்களில் நோய் இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு, எந்தக் குரோமோசோமின் எந்தத் துண்டு நோயோடு சேர்ந்தே கடத்தப்படுகிறது என்று பார்ப்பது பழைய முறை. அந்தத் துண்டில் இருக்கும் மரபணுக்களின் எழுத்து வரிசையை முழுமையாகப் படிப்பது புதிய முறை. ஒரு பிரதி மாறினாலே வரும் காது கேளாமைகளுக்கு டிஎஃப்என்ஏ என்று பெயர் வைத்து வரிசையாக எண் கொடுப்பார்கள். இது டிஎஃப்என்ஏ34. இடம் முதலாவது குரோமோசோமின் நீண்ட கையின் நுனி.

அங்கே அகப்பட்ட மரபணு என்எல்ஆர்பி3. அது உருவாக்கும் புரதத்தின் 918-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். இவர்களுக்கு அங்கே குளுட்டமின் இருந்தது.

என்எல்ஆர்பி3 காது மருத்துவத்துக்குப் புதிய பெயராக இருக்கலாம். நோய் எதிர்ப்பியலில் அது மிகவும் பழகிய பெயர். அதன் பின்னால் அரை நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த நிகழ்வின் எடை புரியாது.

டார்பிஷயரிலிருந்து தொடங்கிய பாதை

1962-இல் தாமஸ் மக்கிள், மைக்கேல் வெல்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குடும்பத்தில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வந்தன: தோலில் தடிப்பு, காது கேளாமை, சிறுநீரகத்தில் அமிலாய்டு என்ற புரதப் படிவு. இன்று அதற்கு மக்கிள்-வெல்ஸ் நோய் என்று பெயர். இறந்தவர்களின் உள்காதைச் சோதித்தபோது ஒலியை உணரும் பகுதியே இல்லாமல் போயிருந்தது. கேள்வி நரம்பு மெலிந்திருந்தது. உணர்செல்கள் உட்கார்ந்திருக்க வேண்டிய மெல்லிய சவ்வில் எலும்பு படிந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாமல் ஓடிய அழற்சி உள்காதை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு அதுதான் சான்று.

2001-இல் ஹால் ஹாஃப்மனின் குழு இந்த நோய்க்கும், குளிர் பட்டால் தடிப்பும் காய்ச்சலும் வரும் இன்னொரு குடும்ப நோய்க்கும் ஒரே மரபணுதான் காரணம் என்று காட்டியது. அதுதான் பின்னாளில் என்எல்ஆர்பி3 ஆனது. அப்போது அந்தப் புரதத்துக்குக் கிரையோபைரின் என்று பெயர் சூட்டினார்கள். பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கி மூளை, மூட்டு, கண், காது எல்லாவற்றையும் தாக்கும் மூன்றாவது வடிவமும் இதே மரபணுவின் கோளாறுதான் என்று பிறகு தெரிந்தது. மூன்றையும் சேர்த்துக் கேப்ஸ் என்கிறார்கள்.

2002-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் யூர்க் ட்ஷோப்பின் ஆய்வகம் இன்ஃப்ளமசோம் என்ற அமைப்பை விவரித்தது. செல்லுக்குள் பல புரதங்கள் ஒன்றுகூடி உருவாகும் ஒரு கூட்டு அது. அப்படிப்பட்ட கூட்டுகளில் ஒன்றின் உணரி என்எல்ஆர்பி3. ஆபத்து என்று தெரிந்தால் அது ஏஎஸ்சி என்ற புரதத்தையும் கேஸ்பேஸ்-1 என்ற நொதியையும் கூட்டிச் சேர்க்கும். கேஸ்பேஸ்-1, செயலற்றுக் கிடக்கும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதத்தை வெட்டி விழிக்கவைக்கும். அது வெளியே போனால் காய்ச்சல், வீக்கம், வலி. எப்போதும் இப்படி நடந்துவிடாது, அதற்கு இரண்டு படிகள் உண்டு. முதலில் கிருமியின் ஏதாவது ஒரு கூறு பட்டு செல் தயாராக வேண்டும். பிறகு, உடைந்த செல்லிலிருந்து கசியும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு போன்ற ஒன்று இரண்டாவது அடியைக் கொடுக்க வேண்டும். கேப்ஸில் மாறிய என்எல்ஆர்பி3 இந்தக் கட்டுப்பாட்டை மீறுகிறது. போதிய காரணம் இல்லாமலேயே இன்டர்லூகின்-1 பீட்டா கொட்டுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நோயாளிகள் மட்டுமல்ல, மருத்துவர்களும் சில சமயம் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆட்டோஇம்யூன் நோயில் உடலின் ஒரு பகுதியைக் குறிவைத்து எதிர்ப்பொருளோ டி-செல் என்ற வெள்ளணுவோ வேலை செய்யும். கேப்ஸ் அப்படி இல்லை. இங்கே குறி எதுவும் கிடையாது. பிறவியிலேயே நமக்கிருக்கும் முதல்நிலைப் பாதுகாப்பே தானாகத் தூண்டப்பட்டு அழற்சியை உண்டாக்குகிறது. இதற்குத் தன்அழற்சி நோய் என்று பெயர். எதிர்ப்பொருள் பரிசோதனையில் இதைத் தேடினால் கிடைக்காது. ஏஎன்ஏ என்ற எதிர்ப்பொருள் பரிசோதனை நெகட்டிவ் என்ற தாளை வைத்துக்கொண்டு நோய் எதிர்ப்புக் கோளாறு இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

மருந்தும் தயாராக இருந்தது. இன்டர்லூகின்-1 அதன் ஏற்பியில் போய் ஒட்டாமல் தடுக்க நம் உடலே ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அதை ஆய்வகத்தில் தயாரித்த வடிவம்தான் அனகின்ரா. முடக்குவாதத்துக்காக 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2003-இல் லண்டனில் பிலிப் ஹாக்கின்ஸின் குழு மக்கிள்-வெல்ஸ் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது அறிகுறிகள் மளமளவென்று அடங்கின. 2006-இல் ரஃபேலா கோல்ட்பாக்-மான்ஸ்கியின் குழு கேப்ஸின் கடுமையான வடிவம் உள்ள 18 பேருக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டது. அதே ஆண்டில் மக்கிள்-வெல்ஸ் நோயாளிகளுக்கு அனகின்ராவில் காது கேட்பது தேறியதாகத் தனித்தனி நிகழ்வு அறிக்கைகளும் வந்தன.

ஆக எல்எம்ஜி446 குடும்பத்தில் என்எல்ஆர்பி3 மாற்றம் தெரிந்ததும் சிகிச்சைக்கு வழி திறந்துவிட்டது. இரத்தத்தில் அழற்சி காட்டாவிட்டாலும் இன்டர்லூகின்-1-ஐத் தடுத்துப் பார்க்க நியாயம் இருந்தது. தடுத்தார்கள், கேட்கும் திறன் தேறியது. உள்காது அழற்சியை ஊகம் என்ற நிலையிலிருந்து நகர்த்தியது இந்த விடைதான்.

காக்ளியாவுக்குள் யார் இருக்கிறார்கள்

எல்எம்ஜி113-க்கு வருவோம். இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இந்தக் குடும்பம்தான். உடம்பு முழுக்க அழற்சி ஓடி அதில் காதும் கெட்டது என்றால் புரிந்துகொள்ளலாம். இங்கே தோல் சரியாக இருக்கிறது, மூட்டு சரியாக இருக்கிறது, சிறுநீரகம் சரியாக இருக்கிறது. உடம்பின் எல்லாச் செல்லிலும் அதே மாற்றம் இருந்தும் காது மட்டும் போகிறது. அப்படியானால் அழற்சி உண்டாவது காதுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதை உண்டாக்க அங்கே ஆள் வேண்டும்.

வெகுகாலம் வரை உள்காது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கை எட்டாத இடம் என்றுதான் கற்பித்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. மண்டை ஓட்டிலேயே மிகக் கடினமான எலும்புக்குள் அது புதைந்திருக்கிறது. இரத்தத்துக்கும் உள்காதுத் திரவத்துக்கும் நடுவே, மூளையில் இருப்பது போன்ற ஒரு தடுப்பு உண்டு. உள்காதிலும் ஊறுநீர்ப் பை என்ற சிறு பையின் பக்கத்தில்தான் எதிர்ப்பு வேலை நடக்கிறது, ஒலியை உணரும் சுருளான காக்ளியாவில் அல்ல என்றுகூட 1980-களின் ஆய்வுகள் எண்ணவைத்தன.

அப்புறம் எலியின் காக்ளியாவில் பெருவிழுங்கி என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் நிரந்தரமாகவே குடியிருப்பது தெரிந்தது. வெளிச்சுவரில், நரம்பு முடிச்சில், இரத்த நுண்குழாய்களை ஒட்டி. இரைச்சலால் காது அடிபட்டால் வெளியிலிருந்து இன்னும் பலர் வந்து சேர்கிறார்கள். 2016-இல் பாஸ்டனில் மனிதர்களின் செவி எலும்புகளைச் சோதித்தவர்கள் மனித உள்காதிலும் அவை இருப்பதைக் காட்டினார்கள். நோய் எதிர்ப்புப் படை வரவே முடியாத இடம் என்ற பழைய பாடம் அதோடு உடைந்தது.

நகனிஷியும் கூட இருந்தவர்களும் எலியின் காக்ளியாவில் இந்தப் பெருவிழுங்கி வகைச் செல்களைத் தூண்டிப் பார்த்தார்கள். என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் செயல்பட்டது, இன்டர்லூகின்-1 பீட்டா வெளிவந்தது. எல்எம்ஜி113 புதிருக்கு இது நேரான விடை. காக்ளியாவில் குடியிருப்பவர்களே அழற்சியைக் கிளப்பப் போதும். வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

எல்எம்ஜி446-இன் இரத்தப் பரிசோதனை ஏன் சும்மா இருந்தது என்பதும் இங்கிருந்து ஓரளவு விளங்குகிறது. சிஆர்பி கல்லீரலில் உருவாவது. அழற்சிச் சமிக்ஞை இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போதிய அளவில் எட்டினால்தான் அது ஏறும். விரித்து நீட்டினாலும் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் மட்டுமே வரும் ஒரு சுருள் காக்ளியா. அதற்குள் நடக்கும் அழற்சி காதைக் கெடுக்கப் போதுமானதாக இருக்கலாம். முழு உடலின் இரத்தத்தில் கலந்தால் அதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாமல் போவதில் வியப்பு இல்லை.

கேட்கும் திறன் எப்படித் திரும்பியது

ஒரு காக்ளியாவில் சுமார் 3,500 உள்மயிர்ச் செல்களும் 12,000 வெளிமயிர்ச் செல்களும் இருக்கின்றன. ஒலியை மின்குறிப்பாக்குவது அவைதான். பறவைகளுக்கு இவை செத்தாலும் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது. அப்படியென்றால் மருந்தில் திரும்பிய கேட்கும் திறன் எங்கிருந்து வந்தது? செல் சாகவில்லை, செயல் மட்டும் குன்றியிருந்தது என்பதுதான் ஒரே சாத்தியம்.

அதற்குப் பொருத்தமான இடம் ஒன்று காக்ளியாவிலேயே இருக்கிறது. அதன் வெளிச்சுவரில் இரத்தக் குழாய்கள் செறிந்த ஒரு பட்டை உண்டு. காக்ளியாவின் நடுக் குழாயில் உள்ள திரவத்தை ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தத்தில் வைத்திருப்பது அந்தப் பட்டைதான். மயிர்ச் செல்கள் அந்த மின்னழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. பட்டை சோர்ந்தால் செல்கள் உயிரோடு இருந்தும் காது கேட்காது. பெருவிழுங்கிகள் அந்தப் பட்டையின் நுண்குழாய்களைச் சுற்றியே இருக்கின்றன. அழற்சி அங்கே தொடங்கி மின்னழுத்தத்தை இறக்கியிருந்தால், மருந்து கொடுத்ததும் கேட்பது திரும்புவது புரிகிறது. எல்எம்ஜி446-இல் இதை நேரில் அளந்தவர் யாரும் இல்லை, உயிரோடிருக்கும் மனிதரின் காதில் அப்படி அளக்கவும் வழியில்லை. ஆனால் திரும்பியது என்ற உண்மைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதன் மறுபக்கம் கடுமையானது. அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் செல்களும் சாகும். டார்பிஷயர் குடும்பத்தின் உள்காதுகள் அதைத்தான் காட்டின. கேப்ஸ் நோயாளிகளில் தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றவர்களுக்குக் காது தேற வாய்ப்பு அதிகம். முற்றிய பிறகு வந்தவர்களுக்கு இருப்பதைக் காப்பாற்றுவதே பெரிய விஷயம். மூளைக்காய்ச்சலில் கிருமியும் அழற்சியும் உள்காதுக்குள் நுழைந்தால் காக்ளியா எலும்பாகவே அடைந்துபோவதும் உண்டு. அங்கே வாரக்கணக்கில் நடப்பது இங்கே வருடக்கணக்கில் நடக்கிறது.

விவாதம்: ஸ்டீராய்டு கேட்கும், பிறகு கேட்காது

நோய் எதிர்ப்புக் கோளாறால் காது போகும் என்று முதலில் உரக்கச் சொன்னவர் அயோவாவின் பிரயன் மெக்கேப். 1979-இல் 18 நோயாளிகளை வைத்து எழுதினார். இரண்டு காதும் வாரங்களிலும் மாதங்களிலும் குறைந்துகொண்டே போகும், ஸ்டீராய்டுக்குப் பணியும் என்பது அவர் தந்த வரையறை. இந்த வேகத்தைக் கவனிக்க வேண்டும். திடீர்க் காது கேளாமைக்கு இது மிக மெதுவு, வயதால் வரும் குறைவுக்கு மிக வேகம்.

ஆனால் இதை உறுதிப்படுத்த நம்பகமான பரிசோதனை இன்றுவரை இல்லை. 1990-இல் ஜெஃப்ரி ஹாரிஸும் ஷார்ப்பும் 68 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைக் காட்டினார்கள். அதை வைத்து நோயை முடிவு செய்ய முடியவில்லை. உள்காதில் ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்ப்பதும் நடக்காது, எடுத்தால் காதே போய்விடும். அதனால் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்துத் தேறினால் நோய் எதிர்ப்புக் கோளாறு, தேறாவிட்டால் இல்லை என்ற வழிதான் நடைமுறையில் ஓடுகிறது. கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமே பரிசோதனையாகவும் இருக்கிறது, தீர்ப்பாகவும் இருக்கிறது.

ஸ்டீராய்டின் பலனும் பலருக்கு நீடிப்பதில்லை. ஸ்டீராய்டில் கிடைத்த கேட்கும் திறனை, நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து காப்பாற்றுமா என்று அமெரிக்காவில் பல மையங்களில் நடந்த சோதனை 2003-இல் வெளியானது. காப்பாற்றவில்லை. பலருக்கு அது பெரிய ஏமாற்றம்.

2014-இல் ஆண்ட்ரியா வம்பூடாஸின் குழு வேறு வழியில் போனது. ஸ்டீராய்டு இனி வேலை செய்யாது என்றாகிவிட்ட 10 பேருக்குத் தினமும் 100 மில்லிகிராம் அனகின்ராவை 84 நாட்கள் தோலுக்கடியில் செலுத்தினார்கள். 7 பேருக்கு ஆடியோகிராமில் முன்னேற்றம் தெரிந்தது. இரத்தத்தில் இன்டர்லூகின்-1 பீட்டாவும் குறைந்தது. இவர்கள் கேப்ஸ் குடும்பத்தினர் அல்லர். அப்படியிருந்தும் அதே பாதை, அதே மருந்து.

ஸ்டீராய்டு ஏன் சிலருக்குத் தோற்கிறது, அனகின்ரா ஏன் பலிக்கிறது? ஒரு வீட்டில் குழாய் கசிந்தால் தெருவுக்கே தண்ணீரை நிறுத்துவது போன்றது ஸ்டீராய்டு. அது பல கட்டங்களில் தலையிட்டு எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் அடக்குகிறது. அனகின்ரா தலையிடுவது கடைசிப் படியில் மட்டும்: இன்டர்லூகின்-1 எவ்வளவு வெளிவந்தாலும் ஏற்பியில் அதை ஒட்டவிடாது.

இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எல்எம்ஜி446, எல்எம்ஜி113 குடும்பங்களின் மதிப்பு முழுதாகத் தெரிகிறது. வம்பூடாஸின் ஆய்வு மருந்தில் தொடங்கி நோயை ஊகித்தது. நகனிஷியின் ஆய்வு மரபணுவில் தொடங்கி மருந்துக்கு வந்தது. எதிரெதிர்த் திசையில் கிளம்பி இரண்டும் ஒரே புரதத்தில் வந்து நின்றன. திடீர்க் காது கேளாமை, தலைசுற்றலோடு காதும் குறையும் மெனியர் நோய் போன்றவற்றிலும் இதே பாதைக்குப் பங்கு இருக்கலாம் என்று நகனிஷியின் குழு எழுதியது. அது ஒரு வாய்ப்பாக மட்டுமே சொல்லப்பட்டது. அதை நிரூபிக்கப்பட்ட முடிவாக எடுத்துக்கொண்டு திடீர்க் காது கேளாமைக்கு அனகின்ரா கேட்டு ஓடுவது சரியல்ல.

எச்சரிக்கைகள் இன்னும் உண்டு. மருந்தில் தேறியவர்கள் ஒரே குடும்பத்தின் சிலர்தான். மருந்து யாருக்கு, வெற்று ஊசி யாருக்கு என்று பிரித்துப் பார்த்த சோதனை அல்ல. வம்பூடாஸின் ஆய்விலும் ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஆட்டோஇம்யூன் காது கேளாமை மருந்தில்லாமலும் ஏறி இறங்கக்கூடியது என்பதால் 10-இல் 7 என்ற எண்ணை அதிகம் நீட்டிப் பேசக் கூடாது. கேப்ஸ் மரபணு உள்ள குடும்பத்தில் தானாகத் தேறுவது வழக்கமில்லை என்பதால் அந்தத் தேறல் எனக்குக் கூடுதல் கனமுள்ளதாகப் படுகிறது.

பெருவிழுங்கிகளை எதிரியாக மட்டும் பார்ப்பதும் தவறு. 2015-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் தேஜ்பீர் கவுர், மார்க் வார்ச்சால் ஆகியோரின் குழு எலிகளில் மயிர்ச் செல்களை மட்டும் அழித்துப் பார்த்தது. பெருவிழுங்கிகளை அழைக்கும் ஃப்ராக்டல்கைன் சமிக்ஞை இல்லாத எலிகளில் கேள்வி நரம்புச் செல்கள் அதிகம் செத்தன. பெருவிழுங்கிகள் நரம்பைக் காக்கவும் செய்கின்றன. உள்காதின் நோய் எதிர்ப்பை மொத்தமாக அடக்கும் மருந்தைவிட ஒரே ஒரு சமிக்ஞையைத் தடுக்கும் மருந்து ஏன் நல்லது என்பதற்கு இது வலுவான காரணம்.

மருத்துவமனையில் இது எங்கே உதவும்

ஒரே மாற்றம் எல்எம்ஜி446-இல் பல உறுப்புகளைத் தொட்டது, எல்எம்ஜி113-இல் காதை மட்டும் தொட்டது. எனவே காது மருத்துவரிடம் காது கேளாமைக்காக மட்டுமே வரும் நோயாளியிடமும் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. குளிர் பட்டால் தடிப்பு வருமா, சிறுவயதில் காரணம் தெரியாத காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததா, கண் அடிக்கடி சிவக்குமா, மூட்டு வலிக்குமா, வீட்டில் யாருக்காவது சிறுநீரகத்தில் அமிலாய்டு என்றார்களா. பல வருடமாக இருந்து பழகிப்போன தடிப்பை நோயாளி தானாகச் சொல்ல மாட்டார். அவருக்கு அது காதோடு சம்பந்தப்பட்டதாகவே தோன்றாது.

எம்ஆர்ஐயில் வழக்கமான படங்கள் காக்ளியாவின் அழற்சியைக் காட்டத் தவறலாம். படத்தைத் தெளிவாக்கும் கேடோலினியம் மருந்தை ஏற்றிய பிறகு எடுக்கும் ஃப்ளேர் என்ற வகைப் படங்களில், இரத்தத் தடுப்பு கசியும் காக்ளியா பளிச்சென்று தெரியக்கூடும். கேப்ஸ் நோயாளிகளில் இப்படிப் பளிச்சிட்டதும் காது கேளாமையும் சேர்ந்து வந்ததை அதே பெதெஸ்டா நிறுவனத்தவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். இரத்தத்தில் தெரியாததைக் காட்டக் கையில் இருக்கும் ஒரு கருவி இது. ரேடியாலஜி மருத்துவரிடம் என்ன தேடுகிறோம் என்று எழுதிக் கேட்டால்தான் அந்தப் படம் கிடைக்கும்.

மரபணுப் பரிசோதனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கேப்ஸை உண்டாக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை என்எல்ஆர்பி3-இன் மூன்றாவது எக்ஸானில், அதாவது புரதத்துக்கான குறிப்பு உள்ள மரபணுத் துண்டுகளில் மூன்றாவதில், இருக்கின்றன. அதனால் அந்தப் பகுதியை மட்டும் படிக்கும் பரிசோதனைகள் புழக்கத்தில் இருந்தன. 918-ஆம் இட மாற்றம் அதற்கு வெகு தொலைவில், புரதத்தின் வேறொரு பகுதியில் உள்ளது. மூன்றாவது எக்ஸானை மட்டும் பார்த்து ஒன்றும் இல்லை என்று அனுப்பினால் இந்தக் குடும்பங்களில் ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. முழு மரபணுவையும் படிக்கக் கேட்க வேண்டும்.

அனகின்ராவைத் தொடங்குவதற்கு முன் நோய்த்தொற்று இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் அதற்கான சோதனையைத் தவிர்க்க முடியாது. ஊசி போட்ட இடத்தில் சிவந்து தடிப்பது முதல் வாரங்களில் மிகச் சாதாரணம். அதைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்திவிடாமல் இருக்க முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மருந்து சில மணி நேரத்திலேயே உடம்பிலிருந்து வெளியேறிவிடும், அதனால் தினமும் ஊசி. கேப்ஸுக்கென்றே 2008-இல் ரிலோனாசெப்ட், 2009-இல் கனாகினுமாப் என்ற நீடித்து நிற்கும் மருந்துகளும் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கின்றன. கனாகினுமாப் எட்டு வாரத்துக்கு ஒரு முறை போதும்.

ஒன்று மட்டும் அவசரம். மூன்று நாட்களுக்குள் ஒரு காது திடீரென்று அடைத்ததுபோல் ஆகி, ஆடியோகிராமில் அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபல் குறைந்திருந்தால் அது திடீர்க் காது கேளாமை. சளி அடைப்பு என்று சொட்டு மருந்து போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஸ்டீராய்டு முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதற்குத்தான் பலன் அதிகம். மரபணு, இன்ஃப்ளமசோம் எல்லாம் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியவை.

எல்எம்ஜி113-ஐப் போலக் காது மட்டுமே பாதித்த குடும்பத்தில் சிகிச்சையை எப்போது தொடங்குவது என்பதற்குத் தயாரான விதி கிடையாது. தடிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, சிஆர்பி சரியாக இருக்கிறது. மாற்றம் உள்ள இருபது வயதுப் பிள்ளைக்கு ஆடியோகிராம் இன்னும் சீராகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நன்றாக இருப்பவருக்குத் தினம் ஊசி போடுவதா, காது இறங்கத் தொடங்கும்வரை காத்திருப்பதா? நான் அந்த இடத்தில் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு ஆடியோகிராம் எடுக்கச் சொல்வேன், உயர் அதிர்வெண்களையும் சேர்த்து. முதல் இறக்கம் தெரிந்த உடனே கேடோலினியம் ஏற்றி ஃப்ளேர் படம் எடுத்து, காக்ளியா பளிச்சிட்டால், நோய்த்தொற்று இல்லை என்று உறுதியானதுமே மருந்தைத் தொடங்குவேன்.